பாசிமணியும் ஆற்றுலையும்: கீழைக் கடற்கரைக் கண்ணாடித் தொழில் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

பண்டை மக்களின் வாழ்க்கையை அறிதற்குக் கல்வெட்டும் காசும் இலக்கியமும் துணைசெய்தல் போலவே, மண்ணிற் புதைந்து கிடக்கும் சிறு பாசிமணியும் துணைசெய்கின்றது. பொன் மீண்டும் உருக்கப்பட்டு உருமாறும். இரும்பு துருவேறி அழியும். மரமும் துணியும் மக்கிப்போகும். கண்ணாடி மணியோ ஈராயிரம் ஆண்டு கழிந்த பின்னரும் தன் நிறத்தோடும் துளையோடும் கிடைக்கின்றது. அதனாலேயே கடல் வாணிகத்தின் வரலாற்றை எழுதுவோர் கண்ணாடி மணியைத் தலையாய சான்றுகளுள் ஒன்றாகக் கொள்வர்.

ஆயினும், சான்று எத்துணைச் சிறந்ததாயினும் அது கூறாததைக் கூறியதாகக் கொள்ளல் தவறு. ஒரு கரையில் மணி கிடைத்தது என்பதால் அக்கரையில் மணி செய்யப்பட்டது என்று முடிவுகட்டல் இயலாது. துறைமுகம் என்பது பொருள் வந்திறங்கும் இடம். திருகோணமலை அத்தகையதோர் இடம். மகாவமிசம் இதனைக் கோகண்ணம் என்னும் பெயராற் குறிக்கின்றது. இம்மாவட்டத்தின் வடபாலுள்ள திரியாயிற் காணப்படும் பல்லவ கிரந்த எழுத்திலான வடமொழிக் கல்வெட்டு, திரபுசகர், வல்லிகர் என்னும் வணிகர் குழுவினரைப் பற்றிப் பேசுகின்றது. கீழைக் கடலில் வந்துபோன மரக்கலங்களுக்கு இக்கரை பழகிய கரை. ஆகவே, இங்கு ஒரு மணி கிடைப்பின், அது இம்மண்ணில் உருவானதா, வேற்று நாட்டிலிருந்து வந்து விழுந்ததா என்னும் வினா எழுதல் இயல்பு.

மணி தானாக இவ்வினாவுக்கு விடை கூறாது. விடை கூறவல்லது அம்மணியைச் சூடேற்றி உருட்டி ஆற்றிய உலையே. ஆகையால் மணித்தொழில் வரலாற்றில் உலையின் இடம் யாது, பண்டைத் தொழிலாளர் எத்தகைய உலையைத் தெரிந்துகொண்டனர், அத்தெரிவால் விளைந்தவை எவை என்பன ஆராயத்தக்கன.

கண்ணாடியும் வெப்பமும்

கண்ணாடி, செம்பு அல்லது ஈயம்போலக் குறித்ததொரு வெப்பநிலையிற் சட்டென உருகுவதன்று. வெப்பம் ஏற ஏற அது படிப்படியாக இளகும். சாதாரண சோடாக் கண்ணாடி 1000 பாகை செல்சியசு அளவில் தேன்போல் நீண்டு ஒழுகும். 700 பாகையளவில் தன் கூரிய விளிம்புகள் மழுங்கி உருளத் தொடங்கும். 500 முதல் 550 பாகை வரையுள்ள நிலையில் உருவம் மாறாது நிற்குமாயினும் அதனுள்ளிருக்கும் இறுக்கம் தளர்ந்து நீங்கும். ஏறத்தாழ 450 பாகைக்குக் கீழே அது முற்றும் திண்மையடைந்துவிடும்.

இவற்றுள் மூன்றாவது நிலையே மணி நிலைத்திருத்தற்கு அடிப்படை. உருகிய கண்ணாடியை வெறுங்காற்றிற் குளிரவிட்டால், மேற்பரப்பு முதலில் ஆறி இறுகும். உட்பகுதி பின்னரே ஆறிச் சுருங்கும். சுருங்க விரும்பும் உட்பகுதியை ஏற்கெனவே இறுகிய மேற்பகுதி தடுக்கும். இவ்வாறு ஒன்றையொன்று இழுத்து நிற்கும் விசைகள் மணிக்குள்ளே சிறைப்பட்டுக் கிடக்கும். புறத்தோற்றத்திற் பழுதொன்றும் தெரியாது. ஆனால் ஒரு கீறல் விழுந்தாலோ, தண்ணீர் பட்டாலோ, சில வேளைகளில் யாதொரு காரணமும் வெளித்தோன்றாமலோ அம்மணி பிளந்துபோகும்.

இவ்வியல்பை உலகுக்குப் பெரிதும் அறிவித்தது ‘உரூப்பெர்ட்டு இளவரசன் துளி’ எனப்படும் கண்ணாடித் துளியாகும். உருகிய கண்ணாடியைத் தண்ணீரிற் சொட்டவிட்டால் வாலுடன் கூடிய துளி உண்டாகும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலைக் கிள்ளினாலோ முழுத்துளியும் பொடிப்பொடியாகச் சிதறும். 1661ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தினர் இதனை ஆராய்ந்தனர். 1665இல் வெளிவந்த தமது நூலில் உரொபேட்டு ஊக்கு இதற்கு விளக்கம் தர முயன்றார். உள்ளே அடைபட்ட இறுக்கமே இவ்வியப்புக்குக் காரணம்.

அவ்விறுக்கத்தை நீக்கும் முறையே ஆற்றிப் பதப்படுத்தலாகும். மணியை ஏறத்தாழ 500 பாகையளவில் சிறிது நேரம் வைத்து, அதன் உள்ளும் புறமும் ஒரே வெப்பநிலையை அடைந்த பின்னர், மெல்ல மெல்லக் குளிரச் செய்தல் வேண்டும். இவ்வேலைக்குரிய அடுப்பை ஆற்றுலை எனலாம்.

ஈண்டு ஒரு கணக்கை மனங்கொள்ளல் வேண்டும். ஒரே வேகத்திற் குளிரும்போது கண்ணாடியில் உண்டாகும் இறுக்கம் அதன் தடிப்பின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள மணியொன்றையும் 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள மணியொன்றையும் ஒரே விதமாகக் குளிரவிட்டால், பின்னதன் தடிப்பு நான்கு மடங்கே எனினும், அதனுள் உண்டாகும் இறுக்கம் பதினாறு மடங்காகும். சிறு மணி பிழைத்துக்கொள்ளும் இடத்திற் பெருமணி பிளக்கும். பண்டைத் தொழிலாளி இக்கணக்கை ஏட்டில் எழுதியிரான். ஆனால் உடைந்த மணிகள் அவனுக்கு இதனை நன்கு கற்பித்திருக்கும்.

இருவகை மணிகள்

கையாற் செய்யப்படும் கண்ணாடி மணிகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று சுற்றுமணி. களிமண் பூசிய இரும்புக் கம்பியின் நுனியில் இளகிய கண்ணாடியைச் சுற்றி, தீயிற் காட்டி உருட்டி, ஒவ்வொன்றாகச் செய்வது. வேண்டிய பருமனும் பல நிற வேலைப்பாடும் இதில் இயலும். மற்றொன்று இழுமணி. உருகிய கண்ணாடித் திரளின் நடுவே துளையிட்டு, அதனை நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, ஆறிய பின் சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்புகளை மழுக்குவது. பெரும்பாலும் ஒரே நிறமும் ஆறு மில்லிமீற்றருக்குட்பட்ட சிறு பருமனும் உடையவை இவை.

சுற்றுமணி செய்பவனுக்கு ஆற்றுலை தனியே வேண்டும். தீயிலிருந்து எடுத்த மணியை அவன் சுடுசாம்பலிற் புதைக்கலாம். அல்லது உருக்குலையின் மேலோ பக்கத்திலோ அமைந்த சிற்றறையில் வைக்கலாம். சாம்பல் சிறு மணிக்குப் போதும், பெருமணிக்குப் போதாது. சாம்பலிற் புதைத்தல் குளிர்தலைத் தாமதப்படுத்துமேயன்றி, வேண்டிய வெப்பநிலையில் மணியை நிறுத்திவைக்காது. ஆகவே பெருமணி செய்வோர் உலையோடு ஒட்டிய அறையையே நாடினர்.

இழுமணி செய்பவன் வேறொரு வழியைக் கண்டான். அவன் கண்ட வழியே இந்துமாகடலின் வரலாற்றில் இடம் பெற்றது.

அரிக்கமேட்டின் சான்று

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அமைந்தது அரிக்கமேடு. 1937ஆம் ஆண்டளவிற் பிரெஞ்சு அறிஞர் யூவோ துப்ரேய் இவ்விடத்தின் சிறப்பை உணர்ந்தார். 1944இல் சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடியொன்றின் துண்டைக் கண்ணுற்ற மோட்டிமர் வீலர், அது கிடைத்த இடத்தைத் தேடிச் சென்று, 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்தார். 1947 முதல் 1950 வரை கசால் என்பாரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழுவினரும் அகழ்வைத் தொடர்ந்தனர். பெரிப்புளூசு என்னும் கிரேக்கக் கடற்பயண நூலிற் சுட்டப்படும் பொதுக்கே என்னும் துறை இதுவே என அறிஞர் பலர் கொள்வர்.

வீலரின் கண் பெரும்பாலும் உரோம நாட்டு மட்கலங்களின்மேற் சென்றது. அவற்றால் அவர் காலத்தை வரையறுத்தார். எனினும் அம்மண்ணிற் கண்ணாடி மணிகளும் அவற்றின் கழிவுகளும் மிகுதியாகக் கிடந்தன. இழுத்த குழாய்களின் முறிந்த துண்டுகள், உருகிய கண்ணாடிக் கட்டிகள், ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்ட மணிகள் முதலியவை வாணிகத்துக்கு உரியவையல்ல. எவனும் கெட்ட மணியைக் கப்பலேற்றிக் கொண்டுவரான். ஆகவே இவை அரிக்கமேடு மணி வாங்கிய ஊர் மட்டுமன்று, மணி செய்த ஊருமாகும் என்பதை ஐயமின்றி நிறுவின.

இவ்வகைச் சிறு மணிகளை 1950களில் வான் தெர் சிலீன் என்னும் ஒல்லாந்த அறிஞர் வாணிகக் காற்று மணிகள் என்றார். பின்னர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பீற்றர் பிரான்சிசு இவற்றுக்கு இந்து-பசிபிக்கு மணிகள் எனப் பெயரிட்டார். 2002இல் வெளிவந்த அவரது நூல் ஆசியக் கடல்வழி மணி வாணிகத்தின் வரலாற்றை விரிவாகத் தருகின்றது. ஆபிரிக்காவின் கீழைக்கரை தொடக்கம் கொரியா, யப்பான் வரை இம்மணிகள் கிடைக்கின்றன. கி. பி. 523இல் இறந்த கொரிய நாட்டு அரசன் முரியோங்கின் கல்லறை 1971இல் திறக்கப்பட்டபோது அதனுள்ளும் இவ்வகைச் சிறு மணிகள் ஆயிரக்கணக்கிற் காணப்பட்டன. இந்தோனேசியத் தீவுகளிற் செந்நிற மணிகள் முத்திசாலா என்னும் பெயரோடு பரம்பரைச் சொத்தாகப் போற்றப்பட்டு வந்தன.

பாபநாயுடுபேட்டையின் பட்டறை

அகழ்வாராய்ச்சி முடிவுற்ற பொருளைக் காட்டும். செய்த கையைக் காட்டாது. அக்குறையை ஓரளவு நீக்கியது ஆந்திர நாட்டுச் சிற்றூர் ஒன்றாகும். திருப்பதிக்கும் திருக்காளத்திக்கும் அண்மையிலுள்ள பாபநாயுடுபேட்டையில் இழுமணித் தொழில் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை மரபு வழுவாது நடைபெற்றது. பிரான்சிசு முதலிய ஆராய்ச்சியாளர் அங்குச் சென்று தொழிலை நேரிற் கண்டு எழுதினர்.

அங்கு முதலில் உலையில் உருகிய கண்ணாடியை ‘லடா’ எனப்படும் நீண்ட இரும்புக் குழலின் நுனியில் திரட்டுவர். அதனைக் கல்லின்மேல் உருட்டிக் கூம்பாக்கி, மீண்டும் உலையின் வாயிலாகச் செலுத்துவர். குழலினூடே ஒரு கம்பியைச் செலுத்திக் கண்ணாடித் திரளின் நடுவைத் துளைப்பர். உலையின் மறுபக்கத்து வாயில் நிற்கும் தலைமைத் தொழிலாளி கொக்கியால் அதன் நுனியைப் பற்றி இழுப்பான். பின்னர் கைமாறிக் கைமாறி ஓயாது இழுக்க, உள்ளே துளையுடன் கூடிய மெல்லிய குழாய் மணிக்கணக்காக வந்துகொண்டேயிருக்கும். இழுக்கும் வேகம் தடிப்பை நிருணயிக்கும். சிறிது தயங்கினாற் குழாய் தடிக்கும், சிறிது விரைந்தால் அறும். ஆண்டுக்கணக்கிற் பழகாத கை இவ்வேலைக்கு உதவாது.

குழாய்கள் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளத்துக்கு முறிக்கப்படும். பின் அவற்றைக் கூரிய இரும்பு விளிம்பின்மேல் வைத்து மணியளவாக நறுக்குவர். நறுக்கிய துண்டுகளின் விளிம்பு தோலைக் கிழிக்கவல்லது, அணிதற்கு உதவாது. ஆகவே அவற்றைச் சாம்பலோடு கலந்து மட்பாண்டத்தில் இட்டு, அடுப்பின்மேல் ஏற்றிக் கிளறுவர். சாம்பல் துளைகளுட் புகுந்து அவை மூடாதபடி காக்கும். மணியும் மணியும் ஒட்டாதபடி இடைநிற்கும். விளிம்பு மழுங்கியதும் இறக்கி, ஆறவிட்டு, சலித்துத் துலக்கிக் கோப்பர்.

இங்கேதான் இழுமணித் தொழிலின் நுட்பம் அடங்கியுள்ளது. உருட்டுவதற்காக ஏற்றிய அப்பாண்டமே ஆற்றுலையாகவும் பயன்படுகின்றது. 700 பாகையளவிற் சூடேறிய மணிகள் சாம்பலுக்குள்ளேயே கிடந்து குளிர்கின்றன. சாம்பல் வெப்பத்தை எளிதில் விடாது; பாண்டத்திலுள்ள திரள் முழுவதும் ஒருங்கே மெல்ல ஆறும். மணியோ மூன்று நான்கு மில்லிமீற்றரே தடிப்புடையது. எனவே அதற்கு வேண்டிய பதம் அப்பாண்டத்திலேயே கிடைத்துவிடுகின்றது. தனியே ஆற்றறை கட்டவேண்டுவதில்லை. தனியே விறகு எரிக்கவேண்டுவதில்லை.

எந்த உலை சிறந்தது?

ஒரு தொழிலாளி உலையைத் தெரியும்போது நான்கினைக் கருதுவான்: மணியின் பருமன், ஒரு முறையில் ஏற்றும் தொகை, விறகின் செலவு, நிறத்தின் பாதுகாப்பு. இவற்றுட் கடைசியாகக் கூறப்பட்டது எளிதில் மறக்கப்படுவது. செம்பினாற் சிவப்பேற்றிய கண்ணாடி, காற்றுத் தாராளமாகப் புகும் தீயில் நெடுநேரம் கிடந்தால் மேற்பரப்பில் நிறங்கெடும். சாம்பலுக்குள் மூடிக்கிடக்கும் மணிக்கு அவ்விடர் குறைவு. கீழைக்கடல் எங்கும் விரும்பப்பட்ட மணி அச்செம்மணியே என்பதை நோக்கும்போது, பாண்ட முறையின் பொருத்தம் மேலும் விளங்கும்.

இதே இடர்ப்பாட்டை ஐரோப்பாவிலும் தொழிலாளர் எதிர்கொண்டனர். 1291இல் வெனிசு நகரத்து அரசு தீயச்சத்தாற் கண்ணாடி உலைகளை முரானோத் தீவுக்கு மாற்றியது. அங்கும் சிறு மணிகளைக் குழாயாக இழுத்து நறுக்கி, மண்ணும் கரியும் கலந்து உலோகத் தட்டில் இட்டுச் சூடேற்றிக் கிளறினர். பெருமணிகளை இரும்புச் சலாகைகளிற் கோத்துத் தீயிற் சுழற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சுழலும் உலோக உருளை தட்டின் இடத்தைப் பிடித்தது. துளையை அடைக்க ஒரு பொடி, ஒட்டாது கிளற ஒரு பாண்டம், மெல்ல ஆற ஒரு திரள் என்னும் முக்கூறும் இரு நாட்டிலும் ஒன்றாகவே இருத்தல் நோக்கத்தக்கது. கண்ணாடியின் இயல்பு ஒன்றாயிருத்தலின் தொழிலாளர் கண்ட தீர்வும் ஒத்திருக்கின்றது. இதுகொண்டு ஒருவரிடம் மற்றவர் கற்றனர் என்று கூறல் வேண்டுவதில்லை.

இக்காலத்திற் கைமணி செய்வோர் மின்னுலையையே நாடுகின்றனர். வெப்பநிலையைத் தானே காக்கும் கருவியொன்று அதிற் பொருத்தப்பட்டிருக்கும். வேண்டிய பாகையில் நிறுத்தி, மணிக்கு இத்துணைப் பாகை குறைய வேண்டும் என்று கட்டளையிட்டால் அது அவ்வாறே செய்யும். உலையின் சுவர் தீச்செங்கல்லாயின் அது வெப்பத்தை உறிஞ்சித் தேக்கி, மின்னை நிறுத்திய பின்னரும் மெல்லவே ஆறும். இலேசான நார்ச்சுவராயின் விரைவிற் சூடேறி விரைவில் ஆறும். பெருமணி செய்வோர்க்கு முன்னதும், வெப்பத்தை முழுதும் கருவியாற் கட்டுப்படுத்துவோர்க்குப் பின்னதும் பொருந்தும். சுவரிற் சிறு கதவு இருத்தலும் வேண்டும். பெருங்கதவைத் திறந்து ஒவ்வொரு மணியாக வைத்தால் உள்ளிருப்பவை குளிர்ந்து பிளக்கும். இத்தனை நுட்பமும் சேர்ந்து செய்வது, பண்டைச் சாம்பற் பாண்டம் சிறு மணிக்குச் செய்த அதே வேலையையே.

இவ்விடத்து ஒரு முடிவு பெறப்படும். சுற்றுமணி செய்பவன் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியே உழைத்து, அதன்மேல் ஆற்றறைக்கும் விறகு செலவிட்டான். இழுமணி செய்பவன் ஒரு பாண்டத்திற் பல்லாயிரம் மணிகளை ஒருங்கே உருட்டி ஆற்றினான். விலை குறைந்தது, தொகை பெருகியது. கடல் கடந்து செல்லும் வணிகன் மூடைகளில் ஏற்றத்தக்க பொருளாயிற்று அம்மணி. அரிசியும் மிளகும் போல அளந்து விற்கத்தக்க அணிகலனை ஆக்கித் தந்தது அவ்வெளிய பாண்டமே எனில் அது மிகையன்று.

ஈழத்தின் பங்கு

இத்தொழிலில் ஈழத்தின் பங்கு யாது என்பது அடுத்த வினா. நெடுங்காலம் இலங்கை மணியை வாங்கிய நாடாகவே கருதப்பட்டது. இரு இடங்களின் அகழ்வு அக்கருத்தை மாற்றியது.

முதலாவது மாந்தை. மாதோட்டம் எனவும் மகாதித்த எனவும் பெயர்பெற்ற இத்துறை மன்னார் மாவட்டத்தில், திருக்கேதீச்சரத்தின் பக்கத்தில் உள்ளது. 1980 முதல் 1984 வரை யோன் காசுவெல் தலைமையில் இங்கு அகழ்வு நடைபெற்றது. கிடைத்த மணிகளையும் செய்தொழிற் கழிவுகளையும் ஆராய்ந்த பிரான்சிசு, மாந்தை இழுமணி செய்த ஊர்களுள் ஒன்று என்று நிறுவினார். தாய்லாந்தின் குளோங்தோம், வியற்னாமின் ஒக்-எயோ ஆகியவற்றோடு இதனையும் அவர் அரிக்கமேட்டு மரபின் கிளைகளாகக் கருதினார். நாட்டில் எழுந்த போர் அவ்வகழ்வை 1984இல் நிறுத்திவிட்டது. முழு அறிக்கை வெளிவர 2013 வரை காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாவது குருணாகல் மாவட்டத்துக் கிரிபாவை. அங்கு அகழ்ந்து கண்டவற்றை ஒசுமண்டு போபேஆராச்சி வெளியிட்டார். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே மூலக் கண்ணாடியை மணலிலிருந்து ஆக்கிய உலைகள் அங்கு இருந்தமை புலப்பட்டது. உலோர் துயிசுபியோ என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அக்கண்ணாடியின் இரசாயனக் கூறுகளை ஆராய்ந்தார். சோடாவோடு அலுமினா மிகுந்த அக்கலவை, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைக்கும் இழுமணிகளின் பெரும் பகுதிக்குரிய கலவையே. கருங்கற் பாறைகள் சிதைந்து உண்டான மணலும், வறண்ட நிலத்திற் பூக்கும் உவர்மண்ணும் சேர்ந்தால் அத்தகைய கண்ணாடி உண்டாகும். இரண்டுக்கும் இலங்கையின் உலர்வலயத்திற் குறைவில்லை.

இதன் பொருள் பெரிது. பெரிப்புளூசு, மேலைக்கரைத் துறைகளான பரிகசாவிலும் முசிறியிலும் செப்பமிடாத கண்ணாடி இறக்குமதியானதாகக் கூறும். அதுகொண்டு, இந்நாட்டார் கண்ணாடி ஆக்க அறியாது மேனாட்டாரை நம்பியிருந்தனர் என எண்ணியோர் உண்டு. உரோம அறிஞர் பிளினியோ, இந்தியாவில் உடைந்த பளிங்கிலிருந்து கண்ணாடி செய்யப்படுவதாகவும் அதற்கு ஈடில்லை எனவும் தாம் கேள்வியுற்றதைக் குறிக்கின்றார். கிரிபாவையின் உலைகளும் மணிகளின் இரசாயனமும் மேலைநாட்டுக் கண்ணாடி வந்திறங்கிய காலத்திலேயே இப்பகுதியிலும் கண்ணாடி ஆக்கப்பட்டது என்பதைக் காட்டுகின்றன. ஓரிடத்திற் கண்ணாடி ஆக்கப்பட்டு, வேறோரிடத்தில் மணியாக்கப்பட்டிருத்தலும் கூடும். எனவே அரிக்கமேட்டைத் தாயாகவும் ஏனையவற்றைச் சேய்களாகவும் மட்டும் கூறும் வரிசை இனிப் போதாது. பாக்கு நீரிணையின் இருகரையும் ஒரே தொழிற்களமாக இயங்கின என்பதே பொருந்தும்.

தமிழகத்தில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பழனிக்கு அண்மையிலுள்ள பொருந்தலிற் பேராசிரியர் கா. இராசன் நடாத்திய அகழ்வும் கண்ணாடி மணிகளை மிகுதியாகத் தந்தது. அவ்வூர் கடலிலிருந்து தொலைவில் உள்ளது. மணித்தொழிலைத் துறைமுகங்களோடு மட்டும் தொடர்புறுத்தி நோக்கியது குறைபாடான நோக்கு என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

திருகோணமலைக் கரையும் சான்றின் காவலும்

இப்பின்னணியில் திருகோணமலைக் கரையை நோக்கல் தகும். துறை உண்டு; விறகுக்குக் காடு உண்டு; மணலுக்குக் குறைவில்லை. ஆயினும் மணல் எல்லாம் கண்ணாடி மணலன்று. புல்மோட்டையின் கருமணல் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கன் முதலிய கனிமங்கள் செறிந்தது. இரும்பும் தைத்தேனியமும் மிக்க அம்மணல் அவ்வகையிற் செல்வமாயினும் தெளிந்த கண்ணாடிக்கு ஆகாது. ஆகவே ‘மணல் உண்டு, துறை உண்டு, எனவே தொழிலும் இருந்தது’ என்னும் வாதம் நிற்காது. ஊர்ப்பற்று வேறு, வரலாறு வேறு.

அப்படியாயின் நிற்கக்கூடிய சான்று எது? முழுமையான அழகிய மணியன்று. துளையோடு கூடிய குழாய்த் துண்டு, விளிம்பு மழுங்காத நறுக்கு, ஒன்றோடொன்று ஒட்டிய மணிக்கொத்து, கண்ணாடி படிந்த ஓட்டாஞ்சில்லு, தீயிற் கறுத்துக் கண்ணாடிப்பூச்சு ஏறிய களிமண் சுவர் ஆகியனவே அச்சான்று. இவை கண்ணுக்கு அழகற்றவை. கரையில் நடப்போர் மணியைப் பொறுக்கிக்கொண்டு இவற்றை விட்டுச் செல்வர். விற்கத்தக்கது மணி, வரலாறு கூறவல்லது கழிவு.

இழுமணித் தொழிலின் சிறப்பே சான்றினுக்கு இடராகவும் அமைகின்றது. தனி ஆற்றறை இருந்தால் அதன் அடித்தளமேனும் மண்ணில் எஞ்சும். பாண்டத்தில் ஆற்றியவன் விட்டுச்செல்வது உடைந்த பாண்டமும் சாம்பலும் மட்டுமே. மழை சாம்பலைக் கரைக்கும். பாண்டத்தின் ஓடு மற்றை ஓடுகளோடு கலந்துவிடும். அதனை இனங்காணக் கவனமான கண் வேண்டும்.

திருகோணமலையின் மண் பலமுறை புரட்டப்பட்ட மண்ணுமாகும். பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டினர். ஒல்லாந்தரும் பிரித்தானியரும் அதனைத் திருத்தினர். இருபதாம் நூற்றாண்டிற் கடற்படைத் தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் எழுந்தன. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானியரின் குண்டுகள் வீழ்ந்தன. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையை அரித்தது. எஞ்சிய நிலத்தைப் பேணுதல் அதனால் மேலும் இன்றியமையாததாகின்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், தொல்பொருளைக் கண்டெடுப்போர் அதனை அறிவித்தல் வேண்டும் என விதிக்கின்றது. சட்டத்தின் நோக்கம் பொருளைப் பறித்தலன்று. பொருளோடு அது கிடந்த இடத்தையும் பதிவு செய்தலாகும். சென்னைக் காட்சிச்சாலையில் ஒரு சாடித்துண்டு அதன் இடப்பெயரோடு காக்கப்பட்டிருந்தமையாலேயே வீலர் அரிக்கமேட்டை அடைந்தார். பெயரின்றிப் பேழையிற் கிடந்திருப்பின் அது வெறும் ஓடாகவே இருந்திருக்கும்.

முடிவுரை

கண்ணாடி மணியின் வரலாறு அரசர் வரலாறன்று. உலையருகே நின்று குழாய் இழுத்தவனின் பெயரையோ, விளிம்பிற் கைகீறக் கீற நறுக்கியவளின் பெயரையோ எக்கல்வெட்டும் கூறவில்லை. ஆயினும் அவர்கள் தெரிந்துகொண்ட அடுப்பு அவர்களது அறிவைக் கூறுகின்றது. குறைந்த விறகில், மலிந்த சாம்பலில், ஒரே பாண்டத்தில் உருட்டலையும் ஆற்றலையும் முடித்த அவ்வறிவே அரிக்கமேட்டின் மணியையும் மாந்தையின் மணியையும் ஈராயிரம் ஆண்டு பிளவாது காத்தது.

மாந்தையில் நின்றுபோன அகழ்வு பல ஆண்டுகளின் பின் 2009, 2010இல் மீண்டும் தொடங்கப்பட்டது. மண்ணிற் கிடக்கும் சான்று காத்திருக்கும். மண்ணைவிட்டுப் பெயர்த்த சான்று காத்திராது. திருகோணமலைக் கரையில் அழகற்ற கண்ணாடிக் கட்டியொன்றைக் காணும் மாணவன், அதனை எறியாமலும் சட்டைப்பையில் இட்டு மறக்காமலும், கிடந்த இடத்தைக் குறித்து உரியவர்க்கு அறிவிப்பானாயின், அவன் செய்வது சிறு செயலன்று. ஈழத்துக் கீழைக்கரை மணியை வாங்கியதா, ஆக்கியதா என்னும் வினாவுக்குரிய விடை அத்தகையதொரு கட்டியிலேயே அடங்கியிருத்தல் கூடும்.